நேராக வைத்தால் இரண்டு

ஆஸ்பத்திரி நடைபாதையில் பதினொரு கதிரைகள் கிடந்தன. நித்தியானந்தனுக்கு அவை இருபத்திரண்டாகத் தெரிந்தன. அவற்றில் பாதியில் மட்டுந்தான் உட்கார முடியும் என்பதை வந்தவுடனேயே நிலத்தில் விழுந்து அறிந்துகொண்டான். அதன்பிறகு கையால் தடவிப் பார்த்து, கதிரைதான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டே பின்பக்கத்தை அதனிடம் ஒப்படைத்தான்.

பக்கத்தில் வரதராஜா இருந்தார். 1976இல் சிட்னியில் இருந்த இலங்கைத் தமிழர் எல்லாரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஏற்றினால், சாரதிக்குப் பக்கத்தில் நின்று வழி சொல்பவர் இவராகத்தான் இருப்பார். ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலைய வாசலில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது வேலை. யாருக்காவது பிள்ளை பிறந்தால், பல் கழன்றால், வீட்டுக்காரன் வெளியே போகச் சொன்னால், ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றுவிடுவார்.

"நோகுதோ தம்பி?"

"நோ இல்லை அண்ணை. கண்ணுக்குக் கீழ இருந்து மேல்சொண்டு வரைக்கும் ஒண்டும் தெரியேல்ல. ஆற்றையோ கன்னத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தமாதிரி இருக்கு."

"திருப்பிக் குடுக்கேக்க கழுவிக் குடும்."

கன்னம் போனது வெள்ளிக்கிழமை. நித்தியானந்தன் இரும்புத் தகடுகள் அடுக்கும் கொட்டகை ஒன்றில் கிரேன் ஓட்டுபவன். முப்பதடி உயரத்தில், கூரைக்குக் கீழே ஓடும் பெட்டிக்குள் இருந்து கொக்கியை இறக்குவது தொழில். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் எட்டு வருடம் இதைச் செய்ததைக் காகிதத்தில் பார்த்துத்தான் ஆஸ்திரேலிய அதிகாரி விசா கொடுத்தார். அங்கே அவன் மேலே இருந்தபடி கொக்கியால் ஒருவனுடைய சாப்பாட்டுக் கரியரைத் திறந்து, உள்ளே என்ன கறி என்று பார்த்துவிட்டு மூடியதாகப் பேச்சு. அவன் அதை மறுத்ததில்லை. மூடியதை மட்டும் மறுப்பான்.

அன்று சங்கிலி ஒன்று தகட்டுக்கடியில் சிக்கிக்கொண்டது. கீழே நின்று சங்கிலி மாட்டும் கிரேக்கன் ஸ்ரவ்ரோஸ் தனியாக இழுத்துப் பார்த்துவிட்டு மேலே கையைக் காட்டினான். கிரேன் ஓட்டுபவன் இறங்கக் கூடாது என்பது விதி. கீழே இரண்டு பேர் நிற்கவேண்டும் என்பதும் விதி. கொம்பனி இரண்டாவதை மறந்திருந்ததால் நித்தியானந்தன் முதலாவதை மறந்து ஏணியால் இறங்கினான். இருவரும் இழுத்தார்கள். சங்கிலி விடுபட்டது. அதன் நுனியில் இருந்த கொக்கி, வெகுநாளாகத் தேடிய ஆளைக் கண்டதுபோல நேரே அவனுடைய இடது கன்னத்துக்கு வந்தது.

ஃபோர்மன் கிளிஃப் துவாயில் ஐஸ் சுற்றிக் கொடுத்து, "நெட், ஒரு பல்கூடப் போகவில்லை, அதிர்ஷ்டக்காரன்" என்றான். நித்தியானந்தன் என்ற பெயரை அவன் முதல் நாளே நெட் என்று வெட்டிவிட்டிருந்தான். மிச்சம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை நித்தியானந்தன் மூக்கைச் சிந்தினான். இடது கண் எண்ணெயில் போட்ட பப்படம்போலப் பொங்கி மூடிக்கொண்டது. தொட்டால் தோலுக்கடியில் காற்று சரசரத்தது. அவன் மனைவி யோகா அதைப் பார்த்தாள். பிறகு வரதராஜாவுக்கு டெலிபோன் எடுத்தாள்.

ஆஸ்பத்திரி கொடுத்த நாள் செவ்வாய்க்கிழமை, காயப்பட்டு நாலாம் நாள். உள்ளே கூப்பிட்டார்கள். சிவப்புத் தாடி வைத்த இளம் டொக்டர் எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். அவருடைய ஆங்கிலம் தாடியைத் தாண்டி வெளியே வர மிகவும் கஷ்டப்பட்டது. வரதராஜா அதை வாசலிலேயே பிடித்துத் தமிழாக்கினார்.

"கன்னத்தெலும்பு மூண்டு இடத்தில கழண்டு உள்ளுக்க இறங்கியிட்டுதாம். அதுக்குப் போக மூண்டு வழி இருக்காம். முதலாவது, காதுக்கு மேல மயிருக்குள்ள ஒரு வெட்டு. அதுக்குள்ளால இரும்பு ஒண்டை விட்டு, எலும்புக்கு அடியில குடுத்து, நெம்பி எழுப்புறது. கார் டயர் கழட்டிற மாதிரி."

"டயர் எண்டு அவர் சொன்னவரோ?"

"அது நான் சொன்னது. உமக்கு விளங்கட்டும் எண்டு. ரெண்டாவது, கீழ்மடலில, இமைமயிரோட ஒட்டி ஒரு கோடு. கண்ணுக்கு அடியில ஒரு தட்டு இருக்காம், முட்டைக்கோது மொத்தம்தானாம். அது வெடிச்சு, கண்ணை அசைக்கிற தசை வெடிப்புக்குள்ள மாட்டுப்பட்டுப் போச்சாம். அதாலதான் உமக்கு எல்லாம் ரெண்டு. அதை எடுத்துவிட்டு, அடியில புதுத் தட்டு வைக்கிறது. மூண்டாவது, மேல்சொண்டைத் தூக்கி வாய்க்குள்ளால போறது. வெளியில அடையாளமே தெரியாதாம்."

"இதில எது நல்லதாம்?"

வரதராஜா கேட்டார். தாடி அசைந்தது.

"உமக்கு மூண்டும் வேணுமாம்."

நித்தியானந்தன் சிரிக்கப் பார்த்தான். பாதி முகம்தான் சிரித்தது.

டொக்டர் மூன்று விஷயங்களை விரல்விட்டுச் சொன்னார். வீக்கம் வற்ற ஒரு கிழமை வேண்டும். ஆகவே வருகிற செவ்வாய்க்கிழமை ஒப்பரேஷன். ஆனால் காயப்பட்ட நாளில் இருந்து பதினாலு நாளுக்குள் செய்துவிட வேண்டும். அதற்குமேல் போனால் எலும்பு விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும், தசையும் அங்கேயே இறுகிவிடும், பிறகு கிரேனை மறந்துவிடலாம். இது வேலைத்தலத்துக் காயம் என்பதால் கொம்பனியின் காப்புறுதிக்காரர் ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். வெறும் சடங்குதான்.

"ஒரு கையெழுத்துத்தானே" என்றார் வரதராஜா, வெளியே வந்து. "கலியாணத்துக்கே ரெண்டு வேணும்."

கையெழுத்துக்கு முன் காப்புறுதிக்காரருடைய டொக்டர் ஒருமுறை பார்க்கவேண்டியிருந்தது. அவருடைய அறை மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. வியாழக்கிழமை நித்தியானந்தன் போனான். வரதராஜாவை உள்ளே விடவில்லை.

டொக்டர் ஹார்கிரீவுக்கு எழுபது வயதிருக்கும். நல்ல மனிதர். எழுந்து வந்து கதவைத் திறந்தார், கையைப் பிடித்து உட்காரவைத்தார், பெப்பர்மின்ட் இனிப்பு நீட்டினார். போர்க்காலத்தில் அவருடைய கப்பல் கொழும்புத் துறைமுகத்தில் ஒன்பது நாள் நின்றதாம். ஆகவே இலங்கைச் சனங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் மிச்சமிருக்கவில்லை. ரிக்ஷாக்காரனைப் பற்றியும் அன்னாசிப் பழத்தைப் பற்றியும் சொல்லிமுடித்துவிட்டு ஒரு விரலை உயர்த்தினார்.

"எத்தனை?"

நித்தியானந்தன் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தான். "ரெண்டு, சேர்."

"நன்றாகப் பார்."

இந்த ஆறு நாளில் அவன் ஒரு வித்தை படித்திருந்தான். நாடியைச் சற்றுத் தூக்கி, தலையை இடது தோள் பக்கம் சரித்தால், பிரிந்து நின்ற இரண்டும் படம் பிடிக்க நெருங்கி நிற்கிற தம்பதிபோல வந்து ஒட்டிக்கொள்ளும். அப்படிச் செய்தான்.

"ஒண்டு."

"முதலில் ஏன் இரண்டு என்றாய்?"

"தலையை நேராக வைத்தால் ரெண்டு, சேர். சாய்த்தால் ஒண்டு."

கிழவர் சந்தோஷமாகச் சிரித்தார். "உன்னை யார் நேராக வைக்கச் சொன்னது? எனக்காகவா? வேண்டாம் மகனே. கொழும்பில் நான் பார்த்தேனே, வண்டிக்காரன், துறைமுக எழுத்தர், நீதிபதி, எல்லாருடைய தலையும் இப்படித்தான்." தன் தலையைச் சரித்து இரண்டு ஆட்டு ஆட்டிக் காட்டினார். "நீ உன் வழக்கப்படி வைத்துக்கொள்."

"இல்லை சேர், நான் முந்தி இப்பிடி..."

பெரியவர் ஒருவரை மறுத்துப் பேசும்போது யாழ்ப்பாணத்துத் தலை தானாக ஒருமுறை அசையும். மன்னிக்கவேண்டும், ஆனாலும் சொல்கிறேன் என்பதற்கு வாய்க்கு முன்னால் கழுத்து போய் நிற்கும். நித்தியானந்தனின் தலையும் போய் நின்றது.

"பார், பார்!" என்றார் டொக்டர், பேனையால் சுட்டி.

எழுதினார். காகிதம் தலைகீழாக இருந்தாலும், தலையைச் சரித்துவைத்து நித்தியானந்தன் வாசித்துவிட்டான். இயல்பான தலைநிலையில் ஒற்றைப் பார்வை. கன்னத்தில் சிறு பள்ளம். தோற்றம் சம்பந்தப்பட்டது மட்டும். வேலைக்குத் தகுதியானவர்.

வாசலில் இன்னொரு பெப்பர்மின்ட் கிடைத்தது.

அன்று பின்னேரம் யோகா இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, ஒவ்வொரு சிக்காகப் பிரித்துக் கொடுத்தாள். இரண்டு விரல் போகும் அளவுக்குத்தான் அவனுடைய வாய் திறந்தது. அவள் பிஸ்கட் தொழிற்சாலையில் உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கி ஒதுக்குபவள். ஓடும் பட்டியில் மயிரிழை வெடிப்பையும் கண்டுபிடிப்பாள்.

"ஏன் தலையாட்டினனீங்கள்?"

"நான் ஆட்டேல்ல. அது தானா ஆடினது."

"பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு, பிடிச்சிருக்கோ எண்டு உங்கட அம்மா நாலு தரம் கேட்டவ. அண்டைக்கு ஆடாத தலை!"

"அண்டைக்குப் பயத்தில விறைச்சுப் போனது."

"கத்தியிருக்க வேணும் நீங்கள்."

"என்னெண்டு கத்துறது? அந்த மனிசன் இனிப்புத் தந்தது."

சனிக்கிழமை காப்புறுதிக்காரருடைய கடிதம் வந்தது. தோற்றத்துக்காகச் செய்யும் ஒப்பரேஷனுக்கு அவர்கள் பொறுப்பில்லை. திங்கட்கிழமை வரதராஜா அதைச் சிவப்புத் தாடியிடம் கொண்டுபோனார். தாடி கெட்டவார்த்தை ஒன்று சொன்னது. அதை மட்டும் அண்ணை மொழிபெயர்க்கவில்லை. டொக்டர் அங்கேயே நின்றபடி பதில் எழுதினார்: தசை மாட்டுப்பட்டிருக்கிறது, தலையைச் சரிப்பது அதன் அறிகுறி, வழக்கம் அல்ல. செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் நித்தியானந்தன் பெயர் இருந்த இடத்தில் இன்னொருவருடைய குடல்வால் ஏறியது. புதன்கிழமை காப்புறுதிக்காரர் கடிதம் கிடைத்ததாகச் சொன்னார்கள். வியாழக்கிழமை அதை உரிய மேசைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். வரதராஜா டிக்கெட் வாசலை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு நகரத்துக்குப் போய், அந்த உரிய மேசையை நேரிலேயே கண்டுவந்தார். மேசை நல்ல மேசையாம். ஆள் லீவாம்.

பதினாலாம் நாள் காலை நித்தியானந்தன் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். இரண்டு நித்தியானந்தன்கள் பதிலுக்கு நின்றார்கள். கன்னத்துக்குள் விரலை விட்டு எலும்பைத் தள்ளிப் பார்த்தான். முதல் கிழமை மெல்லிதாக அசைந்து கிளிக் என்ற எலும்பு இப்போது ஒன்றும் சொல்லவில்லை.

"அசையுதோ?" என்று யோகா வெளியே இருந்து கேட்டாள்.

அவன் குழாயைத் திறந்துவிட்டான்.

காப்புறுதிக்காரருடைய முடிவு பதினேழாம் நாள் வந்தது. விஷயத்தை மீண்டும் பரிசீலிக்க ஆயத்தமாக இருக்கிறார்கள். அதற்காக நித்தியானந்தன் மூன்று கிழமை கழித்து டொக்டர் ஹார்கிரீவிடம் போகவேண்டும்.

வேலைக்குத் தகுதியானவர் என்று எழுத்தில் இருந்ததால் வேலைக்குப் போனான். ஏணியில் ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் இரண்டு படி. பிடித்துப் பிடித்து ஏறினான். பெட்டிக்குள் இருந்து குனிந்து பார்த்தான். கீழே இரண்டு கொக்கி, இரண்டு ஸ்ரவ்ரோஸ், இரண்டு கிளிஃப். கொம்பனி சம்பளத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கியிருந்தது. தலையைச் சரித்து நாடியைத் தூக்கினால் எல்லாம் ஒன்றாகும். ஆனால் நாடியைத் தூக்கினால் தெரிவது எதிர்ச் சுவர். காலுக்குக் கீழே இருக்கும் கொக்கியைப் பார்க்கக் குனியத்தான் வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் இறக்கிப் பார்த்தான். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் தகட்டுக் கட்டு ஒன்று லொறிப் பெட்டியின் விளிம்பில் தட்டி, சரிந்து, ஸ்ரவ்ரோஸ் ஒரு நிமிஷம் முன்னால் நின்ற இடத்தில் இருந்த தேநீர்க் குவளையைத் தட்டையாக்கியது.

ஸ்ரவ்ரோஸ் குவளையைப் பார்த்தான். பிறகு மேலே பார்த்து, இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினான். நித்தியானந்தன் இறங்கி வந்ததும் அவன் தோளில் கையைப் போட்டபடியே கிளிஃபிடம் சொன்னான்: "இவன் என் சகோதரன். என் வீட்டுக்கு வா, சாப்பிடு, தூங்கு. ஆனால் இவன் மேலே இருந்தால் நான் கீழே நிற்கமாட்டேன். எனக்கு மூன்று பிள்ளை."

"டொக்டர் தகுதி என்று எழுதியிருக்கிறாரே" என்றான் கிளிஃப்.

"அப்ப டொக்டரைக் கொண்டுவந்து நிற்பாட்டு."

கிளிஃப் கெட்டவனல்ல. வேலையை விட்டு நிறுத்தவில்லை. தும்புத்தடி ஒன்றைக் கொடுத்தான். இரும்புத் தூள் கூட்டுவதற்கு எத்தனை கண் வேண்டும்? திங்கட்கிழமை கிரேன் பெட்டியில் புதிதாக ஒரு யுகோஸ்லாவியன் ஏறினான்.

டொக்டர் ஹார்கிரீவ் இரண்டாம் முறையும் அன்பாகவே இருந்தார்; முதல் முறை எழுதியதையே எழுதினார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிவப்புத் தாடி இல்லை; தவணை முடிந்து மெல்பேர்ன் போய்விட்டாராம். அந்தக் கதிரையில் தாடி இல்லாத ஒருவர் இருந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார், கடைசிப் படத்தின் திகதியைப் பார்த்தார். நிறையப் பேசினார். வரதராஜா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னவாம் அண்ணை?"

"ஒட்டியிட்டுதாம்."

"அவ்வளவு நேரம் கதைச்சவர்?"

வரதராஜா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "இனி எண்டால் திருப்பி உடைக்க வேணுமாம். சின்ன வழியளால ஏலாதாம். இந்தக் காதில இருந்து உச்சியால அந்தக் காது வரைக்கும் வெட்டி, தோலை முன்னுக்கு மடிச்சுக் கண் வரைக்கும் இறக்கிப்போட்டுச் செய்யிறதாம். அதுவும் கண் திரும்பி வரும் எண்டு சொல்லேலாதாம். அப்பிடிச் செய்யிற ஆக்கள் கனபேர் இல்லையாம். அவையளிட்ட பிறவியிலேயே முகம் கோணின குழந்தைப்பிள்ளையள் வரிசையில நிக்குதுகளாம்."

"அப்ப நானும் வரிசையில நிக்கட்டோ?"

"பெயரை எழுதியிருக்கினம்" என்றார் வரதராஜா. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஐப்பசி மாதம், பெயர் எழுதியதற்குப் பதில் வந்தது. அறுவைச் சிகிச்சைப் பகுதியின் தலைவரான பேராசிரியர் உங்கள் முகத்தை நேரில் பார்க்க விரும்புகிறார். வருகிற புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வரவும். கடிதத்தை யோகா மூன்று தரம் வாசித்தாள். உடைந்த பிஸ்கட்டைத் தேடும் கண்ணால் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தாள். வெடிப்பு எதுவும் தெரியவில்லை.

"பேராசிரியர் சும்மா கூப்பிடுவரோ?"

"சும்மா கூப்பிட அவருக்கு என்ன, வேலை இல்லையோ?" என்றான் நித்தியானந்தன்.

ஒப்பரேஷனுக்குப் போகிறவன் முதல் நாள் இரவில் இருந்து பச்சைத்தண்ணியும் குடிக்கக் கூடாது என்பது வரதராஜாவுக்குத் தெரியும். நித்தியானந்தன் குடிக்கவில்லை. யோகா சிறிய பெட்டியில் இரண்டு சாரம், துவாய், பற்தூரிகை, திருநீற்றுச் சரை வைத்தாள். அவளுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. வாசலில் நின்று, "போட்டு வாங்கோ" என்றாள். "நேராப் பாத்துக்கொண்டு வாங்கோ" என்றும் சொன்னாள்.

பேராசிரியர் வெள்ளி முடி, நீளமான விரல், வில்லுக் கழுத்துப்பட்டி. அவனுடைய முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் சொல்லிக் கைகுலுக்கினார். சிட்னிக்கு வந்து இரண்டு வருடத்தில் அப்படி யாரும் சொன்னதில்லை. பெட்டியை வரதராஜாவிடம் கொடுத்துவிட்டு நித்தியானந்தன் அவருக்குப் பின்னால் போனான். கதவு திறந்தது. படிப்படியாக உயர்ந்த மண்டபத்தில் அறுபது மாணவர்கள் கொப்பிகளோடு இருந்தார்கள்.

வெளிச்சத்துக்குக் கீழே உயரமான முக்காலியில் உட்காரவைத்தார்கள். "தயவுசெய்து தலையை நேராக" என்றார் பேராசிரியர். நித்தியானந்தன் நேராக வைத்தான்.

"நான்காம் நாள் இவர் இங்கே வந்தார். மூன்று வழியும் திறந்திருந்தன." அவர் ஊதா நிற மையில் மெல்லிய குச்சியைத் தோய்த்தார். காதுக்கு மேலே மயிரை விலக்கி ஒரு சாய்ந்த கோடு. கீழ்மடலில் இமைமயிரோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு நீளக் கோடு. பிறகு மேல்சொண்டை விரலால் உயர்த்தி ஈறில் ஒன்று. கை நடுங்கவேயில்லை. அறுபது பென்சில்கள் அவனுடைய முகத்தைக் கொப்பிகளில் கீறின. மாணவர்கள் வரிசையாக வந்து குனிந்து பார்த்தார்கள். சிலர் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கன்னப் பள்ளத்தில் விரல் வைத்தார்கள்.

"ஏன் செய்யவில்லை, சேர்?" என்று பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்.

பேராசிரியர் கோப்பைப் புரட்டினார். ஒரு தாளில் நின்றார். "நிர்வாகக் காரணம்" என்றார். "நமக்கு முக்கியமானது விளைவு. இடது கண் உள்ளே இறங்கியிருப்பதையும் கவனியுங்கள்."

எல்லோரும் போன பிறகு நித்தியானந்தன் முக்காலியில் இருந்து இறங்காமல் இருந்தான்.

"எப்ப செய்வீர்கள், சேர்?"

"எதை?" என்றார் பேராசிரியர். உடனே விளங்கிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் மிகவும் வருந்துகிறேன், மிஸ்டர் நித்தியானந்தன். யாரும் உங்களிடம் சொல்லவில்லையா? உங்களுடையது மிகப் பயனுள்ள முகம்." அவர் கதவுவரை போய்த் திரும்பினார். "மூன்று மணிக்கு இன்னொரு வகுப்பு இருக்கிறது. அதுவரை இருக்க முடியுமா? கோடுகள் அழியாமல் பார்த்துக்கொண்டால் எனக்குப் பெரிய உதவி."

அவன் அவருக்கு இல்லை என்று சொல்லப் பார்த்தான். தலை அசைந்தது. "நன்றி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வரதராஜா விஷயத்தைக் கேட்டுவிட்டு, தெருவுக்குப் போய், முட்டை சாண்ட்விச்சும் ஒரு போத்தல் பாலும் வாங்கிக்கொண்டு வந்தார். ஈறில் உள்ள கோடு கரைந்துவிடும் என்று நர்ஸ் வந்து தடுத்தாள். மூன்று மணிக்குப் பிறகு சாப்பிடலாமாம். அடிபட்ட கண்ணில் எந்நேரமும் நீர் வடிவதால் ஒரு துண்டு பஞ்சும் கொடுத்தாள். துடைக்கக் கூடாது, ஒற்றவேண்டும்.

மணி பன்னிரண்டரை. மடியில் காகிதம் சுற்றிய சாண்ட்விச்சை வைத்துக்கொண்டு நித்தியானந்தன் சுவரில் சாய்ந்தான். கண்ணில் நீர் திரண்டது. அது ஊதாக் கோட்டின்மேல் வழிந்துவிடாமல் இருக்க நாடியை நன்றாக மேலே தூக்கி, வாயை மூடி, அசையாமல் இருந்தான்.